மாமனாரின் முறம்

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டு நிலக்கடலை எண்ணெய் விற்கிறோம். ‘சுத்தமானது, பாரம்பரியமானது, கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று வாட்ஸ்அப்பில் விதவிதமாக எழுதிப் போடுகிறேன். விலையைக் கேட்டதும் நழுவிவிடுகிறார்கள். மாமனார் வேறு பழைய காலத்து மனிதர். முறத்தோடு உட்கார்ந்து சொத்தைக் கடலையைப் பொறுக்கி முடித்தால்தான் செக்கில் போட விடுவார். அதனால் ஆர்டர் தாமதமாகிறது. ஒதுக்கியதைப் பக்கத்துச் செக்குக்காரருக்குத் தள்ளிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னால், அதற்கும் சண்டை. ஜனங்கள் வாங்கும்படி என்ன எழுதலாம்?

பதில்: எழுத வேண்டியதை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, புகாராக.

கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி இருப்பதில்லை. பாதி விலை ரீஃபைண்ட் பாக்கெட்டிலும் அதே வரிதான் இருக்கிறது. ‘சுத்தம்’, ‘பாரம்பரியம்’ மாதிரிச் சொற்களை இஷ்டத்துக்குப் போட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளே விடுவதில்லை. அவற்றை விடுங்கள். மாமனாரிடம் வருவோம்.

அவர் பொறுக்குவது என்ன தெரியுமா? 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் விட்ட நச்சுதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சூம்பியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, இந்தக் கடலைகளில்தான் அது பெரும்பாலும் சேர்ந்திருக்கும். ரீஃபைண்ட் ஆலையில் காரம் (ஆல்கலி) சேர்த்து, நிறம் நீக்கும்போது எண்ணெயில் இறங்கியதில் பெரும்பகுதி போய்விடும். நீங்கள் தெளிய வைத்து வடிகட்டுவதோடு சரி. அப்படியானால் உங்கள் எண்ணெய்க்குக் காவல் யார்? நீங்கள் தாமதம் என்று சொல்லும் அந்த மனிதர்.

அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனிக்கு எழுதப் போனார். பீர் உதாரணமா என்று முகம் சுளிக்காதீர்கள். எல்லாக் கம்பெனியும் ‘சுத்தம் சுத்தம்’ என்று கத்திய காலம் அது. அவர் ஆலைக்குள் போய் ஆழ்கிணற்றையும் பாட்டில்களைத் திரும்பத் திரும்பக் கழுவுவதையும் பார்த்துவிட்டு, ‘இதை ஏன் சொல்லவில்லை?’ என்றாராம். ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று பதில் வந்தது. யாரும் சொல்லவில்லையே என்று அதையே எழுதினார். விற்பனையில் பின்தங்கியிருந்த ஷ்லிட்ஸ் முன்வரிசைக்கு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் நடப்பதோ எல்லாரும் செய்வதுகூட இல்லை.

நாளையிலிருந்து ஒதுக்கிய கடலையைத் தராசில் வையுங்கள். ‘இந்த மூட்டையில் எங்கள் வீட்டுப் பெரியவர் பொறுக்கி எடுத்தது இவ்வளவு. உங்கள் எண்ணெயில் இது சேரவில்லை’ என்று அந்தக் குவியலின் படத்தோடு போடுங்கள். எடை மூட்டைக்கு மூட்டை மாறும், மாறியபடியே போடுங்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகிறது என்பதையும் சேர்த்தால் விலைக்குக் காரணம் தானாகப் புரியும். ‘நச்சே இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து, வந்த முடிவைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தக் குவியலைப் பக்கத்துச் செக்குக்கு அனுப்பினால் இதில் ஒரு வரிகூட எழுதும் யோக்கியதை உங்களுக்கு இல்லை. உங்கள் பிள்ளைக்கு ஆகாதது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமா? வீட்டுக்காரர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் மறுத்ததாக எழுதவில்லை. அந்த வீட்டில் சண்டை போட்ட ஒரே ஆள் சரியான ஆள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் இறங்கும். குழி தோண்டிப் புதையுங்கள்.

அப்புறம், பெரியவர் வேலை சும்மா கிடைப்பது என்று இத்தனை நாள் இருந்தது போதும். அவர் கையை வைத்து விற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். மாதச் சம்பளமா, லாபத்தில் பங்கா என்பதை உங்கள் வீட்டுக்காரர் போய்ப் பேசட்டும், அது மகனின் கடமை. தாமதத்துக்கு வழி, ஆர்டர் எடுக்கும்போதே இரண்டு நாள் கூட்டிச் சொல்வது.