தொடக்க வாசிப்புச் சட்டங்கள் பலன் தருகின்றனவா என்பதை எப்படி அளக்கிறார்கள்?

3ஆம் வகுப்பு முடிவதற்குள் குழந்தை சரளமாக வாசிக்க வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் பல இயற்றியவையே இந்தச் சட்டங்கள். ஆண்டு தொடக்கத்தில் வாசிப்புச் சோதனை, பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சில மாநிலங்களில், தேறாதவர்கள் மறுபடி 3ஆம் வகுப்பு.

மிசிசிப்பி 2013இல் சட்டம் இயற்றியது. அமெரிக்க அளவிலான தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் அந்த மாநிலத்தின் 4ஆம் வகுப்பு வாசிப்புச் சராசரி 2013இல் 209, 2019இல் 219. ஆனால் இந்த உயர்வை அப்படியே சட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. வாசிப்பில் பின்தங்கியவர்களை 3ஆம் வகுப்பிலேயே நிறுத்தினாலும் 4ஆம் வகுப்பின் சராசரி கூடும். குள்ளமான பிள்ளைகளைக் கீழ்வகுப்பில் நிறுத்தினால் மேல்வகுப்பின் சராசரி உயரம் கூடுவதைப் போல. யாரும் வளர்ந்திருக்க வேண்டியதில்லை. அதனால் தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிடுகிறார்கள். நிறுத்தப்பட்டவர் அதே வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவர் என்பதால், ஒரே வயதில் ஒப்பிடுகிறோமா, ஒரே வகுப்பில் ஒப்பிடுகிறோமா என்பதைப் பொறுத்து விடையே மாறும். பல அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான்.

ஆசிரியர் பக்கம், பயிற்சிச் சான்றிதழ்களை எண்ணுவது வீண். எழுத்தொலிகளைக் கூட்டி வாசிக்கக் கற்றுத்தருகிறாரா, படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்கிறாரா என்பதை வகுப்பில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சோதனைகள் தின்னும் பாடநேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

‘பெயிலாக்குவதுதான் இந்தச் சட்டம்’ என்பது தவறான எண்ணம்: மிச்சிகன் 2023இல் அந்த விதியை நீக்கியது, வாசிப்பு உதவிகளை விட்டுவிடவில்லை.