லிங்கனின் அப்பா தாமஸ்: ஒரு விவசாயியின் குடும்ப வரலாறு, கேள்வி பதில்

ஐயா, ஆபிரகாம் லிங்கனை விட்டுவிட்டு அவருடைய அப்பாவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அவர் ஒன்றும் சாதிக்கவில்லையே?

சாதிக்காததுதான் எனக்கு வசதி. தாமஸ் லிங்கன் டைரி எழுதியவர் இல்லை. தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாதவர் என்று மகனே குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமத்து விவசாயிகள் பலரும் ஏறக்குறைய இப்படித்தான். மகன் ஜனாதிபதி ஆனதால் இவருடைய கிரயப் பத்திரம், வரி ரசீது, வழக்குக் காகிதம் என்று ஒன்று விடாமல் துருவி எடுத்துவிட்டார்கள். இதே மாதிரி காகிதங்கள் மற்ற விவசாயிகளுக்கும் ஏதாவது ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலக அலமாரியில் இருக்கும். தேட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

குடும்பம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து. நெசவு பழகிய சாமுவேல் லிங்கன் என்ற இளைஞர் 1637-இல் கப்பலேறி மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரில் குடியேறினார். பின்வந்த தலைமுறைகள் நியூஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி என்று நகர்ந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் பெருகும், நிலம் போதாது, மேற்கே போனால் மலிவாகக் கிடைக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லிங்கனுக்குத் தன் பூர்விகம் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டி வரைதான் தெரியும். நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதி) லிங்கன்களோடு சேர்த்துப் பார்க்க முயன்றதில் மோர்டெகாய், சாலமன், ஆபிரகாம் என்று பெயர்கள் ஒத்துப்போவதைத் தவிர வேறெதுவும் தேறவில்லை என்று 1859-இல் எழுதினார். அந்தப் பெயர்கள் சும்மா ஒத்துப்போகவில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. உறவு உண்மைதான் என்று பிற்பாடு ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள்.

தாமஸின் தந்தை கொல்லப்பட்டார் என்கிறார்களே?

ஆமாம், 1786-இல், கென்டக்கியில், வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது. குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் அந்த மண்ணுக்காக ஓயாத சண்டை நடந்த காலம் அது. சிறுவன் தாமஸ் அப்பாவின் உடல் அருகில் நிற்க, தாக்க வந்தவரை அண்ணன் மோர்டெகாய் வீட்டுக்குள்ளிருந்து சுட்டார் என்பது குடும்பக் கதை.

கதையை விட முக்கியமானது அப்போதைய சட்டம். அதன்படி தந்தையின் நிலம் மூத்த மகனுக்குப் போனது. கடைசி மகன் தாமஸுக்கு எதுவும் இல்லை. கூலி வேலை செய்தும் தச்சுத் தொழில் பழகியும்தான் அவர் மேலே வந்தார். ‘சோம்பேறி தாமஸ்’ என்று எழுதியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1803-இல் கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில் 238 ஏக்கர் வாங்கியவர் சோம்பேறியா?

லிங்கனின் பெற்றோருக்குத் திருமணமே நடக்கவில்லை என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்ததாமே?

இருந்தது, அதுவும் அசிங்கமாக. வதந்தி பரவக் காரணம் பதிவேட்டில் திருமணம் கிடைக்காதது. குடும்பம் வாழ்ந்தது ஹார்டின் கவுண்டி, அதனால் அங்கேயே தேடினார்கள். ஆனால் பெண் வீட்டில்தானே கல்யாணம் நடக்கும்? நான்சி ஹேங்ஸ் அப்போது இருந்தது வாஷிங்டன் கவுண்டியில். அங்கே ஸ்பிரிங்ஃபீல்டு ஊர் அலுவலகத்தில் காகிதங்கள் பத்திரமாக இருந்தன. 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமண ஜாமீன் பத்திரம் (கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று உறுதி கூறுவது) ஒன்று. ஜூன் 12-இல் மணம் முடித்து வைத்ததாக ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் கொடுத்த பதிவு இன்னொன்று. வெளியே வந்தது 1878-இல். லிங்கன் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘பதிவு இல்லை’ என்று யாராவது சொன்னால் எந்தக் கவுண்டியில் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். கவுண்டிகளை அடிக்கடி பிரித்துப் புதிது புதிதாக உண்டாக்கினார்கள். குடும்பம் நகராமலே கவுண்டி மாறிவிடும்.

அண்ணா, நிலம் வாங்கியவர் ஏன் கென்டக்கியை விட்டுப் போனார்?

வில்லங்கம்தான். கென்டக்கியில் அரசு முன்கூட்டியே அளந்து பிரித்து விற்கவில்லை. வாங்குகிறவரே ஆள் வைத்து அளக்க வேண்டும். பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது போல, இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வரை என்று எழுதுவார்கள். மரம் விழுந்துவிடும், ஓடை திசை மாறும். ஒரே நிலத்துக்கு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். தாமஸ் 238 என்று வாங்கிய நிலம் விற்கும்போது 200 ஏக்கராகிவிட்டது. லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில் வழக்கு. அடுத்துப் போன நாப் கிரீக்கிலும் வெளியேற்றும் வழக்கு. காசு கொடுத்து வாங்கியும் கையில் நிற்கவில்லை.

1816 டிசம்பரில் இண்டியானாவுக்குக் கிளம்பினார். அடிமைமுறையும் ஓரளவு காரணம், முக்கியக் காரணம் நில உரிமைச் சிக்கல் என்று 1860-இல் மகன் எழுதினார். இண்டியானாவில் மத்திய அரசே சதுரம் சதுரமாக அளந்து விற்றது. 36 சதுர மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள், அதில் கால் பங்கு 160 ஏக்கர். எல்லைச் சண்டைக்கே வேலை இல்லை. 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்குப் பதிந்து, தவணையில் கட்ட ஆரம்பித்தார். முழுவதும் கட்ட முடியவில்லை. பாதியைத் திருப்பிக் கொடுத்து, 1827-இல் 80 ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். இந்த முறை யாரும் பிடுங்கவில்லை.

நான்சி எப்படி இறந்தார்?

பால் நோய். ஒயிட் ஸ்நேக்ரூட் என்ற காட்டுச்செடியைத் தின்ற பசுவின் பாலைக் குடித்தால் உயிர் போகும். அப்போது காரணம் புரியாமல் ஊர் ஊராகச் செத்தார்கள். 1818 அக்டோபர் 5-இல் நான்சி போனார். சவப்பெட்டியைத் தாமஸே செய்தார். அடுத்த ஆண்டு கென்டக்கி போய், மூன்று பிள்ளைகளோடு இருந்த சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை மணந்து கூட்டி வந்தார். சித்திக் கொடுமை எதுவும் இல்லை. லிங்கன் கடைசிவரை அம்மா என்றே அழைத்தார்.

1820 சென்சஸில் சாராவின் பெயரையே காணோம். கணக்கில் விட்டுவிட்டார்களா?

விடவில்லை. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரும் வருவது 1850 முதல்தான், அப்போதும் அடிமைகளைப் பெயரில்லாமல்தான் எழுதினார்கள்.

ஐயா, என் கணவரின் கொள்ளுத்தாத்தா நெப்ராஸ்காவில் விவசாயி. 1880 சென்சஸுக்கு அடுத்து 1900-தான் கிடைக்கிறது. நடுவில் என்ன செய்வது?

உங்கள் தவறு இல்லை அம்மா. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் நாசமானது. ஆளை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். நெப்ராஸ்கா என்றால் ஹோம்ஸ்டெட் நிலமாக, அதாவது குடியேறிப் பயிர் செய்கிறவருக்கு அரசு கொடுத்த நிலமாக, இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போது ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமானது. அதை நிரூபிக்க வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர், எப்போது குடிவந்தார் என்றெல்லாம் எழுதிக் கொடுத்து, அக்கம்பக்கத்தாரின் சாட்சியமும் வைக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைக் காகிதமும் சேரும். இந்தக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்புறம், 1880 சென்சஸின் விவசாயப் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். எத்தனை பசு, எவ்வளவு சோளம் என்பது வரை அதில் உண்டு.

அந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 1862 மே 20-இல் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? தாமஸின் மகன்தான். அதே 160 ஏக்கர்.

அப்பாவின் சாவுக்கு லிங்கன் போகவில்லை என்பது உண்மையா?

உண்மை. இல்லினாயில் 1851 ஜனவரி 17-இல் தாமஸ் இறந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியை விட வேதனையே மிஞ்சலாம் என்று ஐந்து நாள் முன்பு லிங்கன் கடிதம் எழுதியிருந்தார். படிப்பை விட உழைப்பைப் பெரிதாக நினைத்த அப்பா, சம்பாத்தியத்தை அப்பாவிடம் கொடுத்துவந்த மகன். அதற்கு மேல் நான் நீதிபதி இல்லை.

இன்று வாரிசுகள் யாராவது?

தாமஸின் ரத்தத்தில் யாரும் இல்லை. மகள் சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. கடைசி மகன் சிறு குழந்தையாகவே போய்விட்டான். ஆபிரகாமின் வழியில், ஐயமில்லாத வாரிசுகளில் கடைசியானவரான கொள்ளுப்பேரன் ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித் 1985-இல் பிள்ளையில்லாமல் மறைந்தார். சாரா புஷ் கூட்டி வந்த மூன்று பிள்ளைகளின் வம்சம்தான் தழைத்தது.