பரணில் கிடக்கும் மூட்டையை முதலில் இறக்கு

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் ஃபேஷன் மெர்ச்சண்டைசிங் அண்ட் மார்க்கெட்டிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். சுடிதார் செட், குர்த்தி, நைட்டி, லெகிங்ஸ்தான் வியாபாரம். லண்டனில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. 25 லட்சம் ஆகும், கல்விக் கடன் வாங்கலாம் என்கிறேன். அப்பாவோ, "துணி விற்க எதற்கு லண்டன்? படித்தது போதும்" என்று வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போன தீபாவளிச் சரக்கே ஏழெட்டு மூட்டை இன்னும் பரணில் கிடக்கிறது. அந்த எரிச்சலையெல்லாம் என்மேல் காட்டுகிறார். என் படிப்பின் அருமையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், சென்னை-21

பதில்: அப்பாவை வழிக்குக் கொண்டுவர நாலு வாக்கியம் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். தரமாட்டேன். இந்தக் கடிதம் எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது; படிப்பின் பெயரும் ஊரின் பெயரும்தான் மாறும். உன் கடிதத்தில் என் கண் நின்றது வேறு இடத்தில். "ஏழெட்டு மூட்டை" என்று எழுதியிருக்கிறாய். ஏழா, எட்டா?

மூன்று வருடமாகச் சரக்கைப் பற்றியே படிக்கிற பெண்ணுக்குத் தன் வீட்டுப் பரணில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு மூட்டையில் எத்தனை பீஸ், என்ன சைஸ், எந்தப் பார்ட்டியிடம், அதாவது எந்த மொத்த வியாபாரியிடம் வாங்கியது, அடக்க விலை என்ன என்பதும் தெரியாது. கல்லூரியில் ஏதோ ஒரு கற்பனை பிராண்டுக்குக் கொள்முதல் திட்டம் போட்டு மதிப்பெண் வாங்கியிருப்பாய். உனக்கு ஃபீஸ் கட்டிய கடையின் கொள்முதல் எங்கே தவறியது என்று ஒரு நாளாவது கேட்டாயா? அப்பாவின் எரிச்சலை மட்டும் எழுதியிருக்கிறாய். அவருடைய பணம் அங்கே முடங்கிக் கிடக்கிறது, பெண்ணே. பார்ட்டிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும்.

பெற்றவர் எந்த வழியில் சம்பாதிக்கிறார் என்று தெரிந்துகொள்வது பிள்ளைகளின் கடமை என்று நினைக்கிறவள் நான். அதைத் தெரிந்துகொள்ளாமல் "என் படிப்பின் அருமை" என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் கூட்டமில்லாத ஒரு வாரநாள் மதியம் மூட்டையை இறக்கு. ஒரு நீள நோட்டில் பீஸ் பீஸாக எழுது: என்ன உருப்படி, டிசைன் எண், நிறம், சைஸ், பார்ட்டி பெயர், பில் தேதி, அடக்கம், டேக் விலை. பில் கிடைக்காவிட்டால் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற ஆடிட்டரிடம் கொள்முதல் பட்டியல் இருக்கும், வாங்கிக்கொள். எழுதும்போதே சரக்கின் நிலையைப் பார். வெள்ளைக் காட்டனில் மடிப்பு மஞ்சளித்திருக்கும். லெகிங்ஸின் இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்து விடு. பழைய அளவுக்குத் திரும்பாததைத் தனியே வை. கடலோர ஊரின் ஈரக்காற்று பாலிதீன் கவருக்குள் அடைபட்டால் ஜரிகை பார்டர் கறுத்துப்போகும். நல்லது, சலவை செய்து இஸ்திரி போட்டால் தேறுவது, தேறாதது என்று மூன்றாகப் பிரி. தேறாததைச் சும்மா கொடுத்துவிடவோ எறியவோ முடிவெடுக்கும் முன் ஆடிட்டரைக் கேள். கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை, விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்து வரவு எடுத்திருந்தால், தானமாகக் கொடுத்ததற்கும் அழித்ததற்கும் உரிய வரவைத் திருப்பிவிட வேண்டும்.

பிறகு சைஸ்வாரியாகக் கூட்டிப் பார். எனக்குத் தெரிந்தவரை, இந்த மாதிரிக் கடைகளின் பரண் நிரம்புவது பெரும்பாலும் இங்கேதான். மொத்த வியாபாரி செட்டாகத்தான் கொடுப்பார்: எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பீஸ். வாங்க வருகிறவர்கள் அப்படிச் சமமாக வருவதில்லை. பீஸ் 400 ரூபாய் அடக்கத்தில் 30 செட் எடுத்தால் 120 பீஸ், 48,000 ரூபாய். விற்பது 600 ரூபாய்க்கு. வரியை இப்போதைக்கு விட்டுவிடு. எல்லும் எக்ஸ்எல்லும் அறுபதும் போய்விட்டன, எம்மும் டபுள் எக்ஸ்எல்லும் பாதிதான் போயின என்று வை. விற்றது 90 பீஸ், வந்தது 54,000. பீஸுக்கு 200 வீதம் 18,000 லாபம் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் 48,000 போட்டு 54,000 எடுத்ததில் கல்லாவில் அதிகம் சேர்ந்தது 6,000தான். மீதி 12,000 பரணில் துணியாக உட்கார்ந்திருக்கிறது. வியாபாரம் நன்றாகத்தானே நடந்தது, கையில் ஏன் பணமில்லை என்று அப்பா குழம்புவது இதனால்தான். எல் சைஸ் தீர்ந்தபின் வந்து கேட்டுத் திரும்பிப்போன வாடிக்கையாளர்களோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வை. கேட்டு இல்லாமல் போனதை, நிறம், சைஸோடு, கடைப் பையன் அன்றன்றைக்கு எழுதட்டும். அடுத்த முறை பார்ட்டியிடம் பேரம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது: விலையை ஐந்து ரூபாய் குறைப்பதைவிட செட்டை உடைத்து எல், எக்ஸ்எல் இரண்டிரண்டாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது லாபம்.

சைஸ் மட்டுமே காரணமாக இருக்காது. லாரி ரசீதின் தேதியைப் பார். சூரத்திலிருந்து சரக்கு தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் டிசைனைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்க நாளே இல்லை. ஒரே நிறச் சாயலில் நாலு பார்ட்டியிடம் எடுத்திருந்தால் ஒன்றை ஒன்று அடித்திருக்கும்.

இனி விலை. அடக்கத்துக்குக் கீழே விற்க மாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக இருப்பார். உன் படிப்பு உதவ வேண்டிய இடம் இதுதான். பரணில் உள்ள 30 பீஸை 300 ரூபாய்க்குத் தள்ளினால் 9,000 வரும், நஷ்டம் 3,000. அந்த 9,000க்கு, அதே 400 அடக்கத்தில் 600க்கு விற்கிற ஓடும் சரக்கு எடுத்தால், ஒரே சுற்றில் 13,500 ஆகிறது. நஷ்டம் போக 1,500 மிச்சம். மூட்டையில் கிடக்கும்போது அதே துணி மாதாமாதம் மதிப்பிழக்கிறது. இந்த ஆடித் தள்ளுபடியில் எல்லாம் இறங்கிவிட வேண்டும். வரப்போகும் தீபாவளிச் சரக்குக்கு அடுத்த வருடம் ஆடி வரைக்கும் காத்திருக்கவும் கூடாது: கடைக்கு வந்து எட்டு வாரத்தில் பாதிகூடப் போகாத டிசைனை கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு முன்பே விலை குறைத்துவிடு. ராயபுரம், காசிமேடு பக்கம் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கிறவர்கள் உங்கள் கடைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பொங்கல் தாண்டினால் மினுமினுப்புச் சரக்கைக் கேட்க ஆளிருக்காது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லும்போது கடைப் பையன்கள் எதிரில் சொல்லாதே. "உங்களுக்கு வாங்கத் தெரியவில்லை" என்ற தொனி ஒரு சொல்லில் வந்தாலும் நோட்டு மூடப்படும். வருடக்கணக்காக ஒரு துணியைத் தொட்டே ஓடுமா ஓடாதா என்று சொல்லி வந்த மனிதர் அவர். எழுதி வைக்கத்தான் நேரமில்லாமல் போயிற்று. எண்ணைச் சொல், தீர்ப்பை அவரிடம் விடு.

அப்பாவும் இதைப் படிப்பார் என்றால் அவருக்கும் ஒன்று சொல்கிறேன். ஐயா, மகனாகப் பிறந்திருந்தால் ப்ளஸ் டூ லீவிலேயே கல்லாவில் உட்காரவைத்து பில் போடக் கற்றுக் கொடுத்திருப்பீர்கள். இவளைக் கடைக்குள் விடாமல் வளர்த்துவிட்டு, கடையைப் பற்றி அக்கறையில்லை என்று கோபப்படுவது நியாயமில்லை. மூன்று வருட ஃபீஸ் கட்டிய படிப்பை ஒரு தீபாவளிக்குக்கூடப் பயன்படுத்திப் பார்க்காமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பது வீண்செலவு. வரன் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள்.

லண்டன் விஷயத்துக்கு வருகிறேன். கல்விக் கடன் என்று சுலபமாக எழுதிவிட்டாய். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். உங்கள் வீட்டில் ஈடு வைக்க இருப்பது எது? கடையா, குடியிருக்கும் வீடா? 25 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 33,000 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி தனி. திரும்பி வந்து கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தால், லேப் டிப்புக்கு, அதாவது சாயம் போட்ட மாதிரித் துணிக்கு, வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஒப்புதல் பெறுவதில் தொடங்கி, அளவு பார்க்கிற ஃபிட் சாம்பிள், உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிள் என்று தேதி தவறாமல் துரத்துவதுதான் வேலை. ஒரு கட்டம் தவறினால் கப்பல் போய்விடும், விமானச் சரக்குக் கூலி நிறுவனத்தின் தலையில் விழும். அந்த வேலையில் சேரும் புதியவரின் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியாது. அப்போது கட்டப்போவது யார் என்று உனக்கே தெரியும்.

லண்டனே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது கூடாது. தரமணியில் உள்ள நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் கல்லூரியில் ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலை இரண்டு வருடம். நுழைவுத் தேர்வும் நேர்முகமும் உண்டு. அதற்குத் தயார் செய்துகொண்டே கடையின் ஒரு வருடக் கணக்கைக் கையில் எடு. நேர்முகத்தில் உட்காருகிறவர்களுக்குக் கற்பனை பிராண்டு ப்ராஜெக்ட் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும். சொந்தக் கடையில் எத்தனை பீஸ் தேங்கியது, ஏன், எத்தனை நாளில் எந்த விலையில் இறங்கியது என்று நோட்டோடு போகிறவள் பேசினால் கேட்பார்கள். லண்டன் கல்லூரிக்கும் அந்த நோட்டு செல்லும்.

தீபாவளிக் கொள்முதல் பேச்சு ஆடியிலேயே தொடங்கிவிடும். அப்பா பார்ட்டிக்குப் போன் போடுவதற்கு முன் உன் சைஸ்வாரிப் பட்டியல் கல்லா மேசையில் இருக்க வேண்டும். இந்த வாரமே மூட்டையை எண்ணு.