வண்டி புதைந்துவிட்டதா? முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: “எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தும் வண்டி நகரவில்லை.” கொடுத்ததால்தான் நகரவில்லை. பிடிப்பு இல்லாமல் சுற்றும் சக்கரம் மண்வெட்டியின் வேலையைச் செய்யும், தன் காலடியில் தானே குழி பறிக்கும். வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நான்கு சக்கரமும் இழுத்தாலும் பயனில்லை. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

குதிரைமொழித் தேரியில் பொலேரோ புதைந்தது. சக்கரத்துக்கு அடியில் கல் போட்டோம், இன்னும் இறங்கிவிட்டது. என்ன தவறு செய்தோம்?

காய்ந்த மணலில் கல் நிற்காது. சக்கரம் ஏறியதும் அதுவும் சேர்ந்து புதையும். தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கு முதல் மருந்து டயரில் காற்றை இறக்குவது. 32 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 16 வரை இறக்குங்கள், நான்கு டயரையும். தரையில் படும் பகுதி நீளமாகி, எடை பரவி, வண்டி மணலுக்கு மேல் நிற்கும். வால்வுக்குள் இருக்கும் ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் போதும். அளக்கும் மீட்டர் இல்லையா? தரையிலிருந்து ரிம்மின் விளிம்பு வரை உள்ள உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, அது முக்கால் பங்காகும் வரை இறக்குங்கள். துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் காட்டில் கைகொடுக்கும். 12-க்குக் கீழே போகாதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

அடுத்து மண்வெட்டி. அது இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டு. வயிற்றுக்கு அடியில் உள்ள மணலை எடுத்துவிட்டு, சக்கரம் போக வேண்டிய பக்கம் சரிவாக வழி வெட்டுங்கள். முன்னால் போவதைவிட வந்த தடத்திலேயே பின்னால் போவது எளிது. அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும்.

தேரியில் விழுந்து கிடக்கும் பனையோலையைப் பரப்பலாம். ஓலை மட்டும்தான், மட்டை வேண்டாம். மட்டையின் இரு ஓரமும் கருக்கு, ரம்பம் மாதிரி. காற்று குறைந்து பிதுங்கி நிற்கும் டயரின் பக்கவாட்டை அது கிழித்துவிடும். இதை நான் கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த விலை ஒரு புது டயர். கால்மிதி போட்டாலும் பிடிக்கும், ஆனால் சக்கரம் அதை அப்படியே உதறி எறியும். எறியும் பக்கம் ஆள் நிற்கக் கூடாது.

இரண்டாவது கியரில், ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக எடுங்கள். கிளம்பிய வண்டியைக் கெட்டித் தரை வரும் வரை நிறுத்தாதீர்கள். தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும், 12 வோல்ட் பம்ப் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

கரிசல் காட்டில் ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றுகிறது, மற்றது அசையவே இல்லை. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. இன்ஜின் விசையை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலின் குணமே அதுதான். இரு பக்கமும் சமமான விசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் வழுக்கலில் இருந்தால் அதைச் சுற்றத் தேவையான சொற்ப விசைதான் மற்றதற்கும் போகும். பின்சக்கர இழுவை வண்டியில், ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தைப் பிடிப்பதாக இருந்தால், அதை இரண்டு மூன்று ‘கிளிக்’ மட்டும் இழுத்துவிட்டு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். சுற்றுகிற சக்கரத்துக்குப் பிரேக் ஒரு எதிர்ப்பைக் கொடுக்கும், அந்த அளவு விசை நின்ற சக்கரத்துக்கும் கிடைக்கும். முன்சக்கர இழுவைக் காரில் இது வண்டியைக் கட்டிப்போடத்தான் உதவும்.

கரிசலில் இன்னொரு தொல்லை, டயரின் பட்டன் இடுக்கெல்லாம் மண் அப்பி, டயர் வழவழப்பான உருளையாகிவிடும். முதலில் அதைச் சுரண்டுங்கள். பிறகு பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு, பருத்திமாரோ சோளத்தட்டையோ வாங்கிக் குறுக்காக அடுக்குங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஒரு நாள் நல்ல வெயிலுக்குக் காத்திருப்பது கேவலமில்லை.

வயல் சேற்றில் சிக்கிய காரை டிராக்டர் வைத்து இழுக்கலாமா? கயிற்றை எங்கே கட்டுவது?

இழுக்கலாம். ஆனால் எனக்குப் பயம் தருவது சேறு இல்லை, இந்த டிராக்டர்தான். கயிற்றைப் பின் அச்சின் உயரத்துக்கு மேலே, டாப் லிங்க் என்கிற மேல் கம்பி மாட்டும் இடத்தில் கட்டினால், பாரம் அசையாதபோது டிராக்டர் தன் பின்சக்கரத்தையே சுற்றிக்கொண்டு முன்பக்கம் தூக்கும். ஒன்றிரண்டு நொடியில் ஓட்டுநர் மேலேயே கவிழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. கீழே இருக்கும் டிராபாரில், அதாவது இழுவைக் கம்பியில் மட்டும் கட்டச் சொல்லுங்கள். ஓட்டுநர் “முப்பது வருசமா ஓட்டுறேன்” என்று சொன்னாலும் சரி.

காரில் ஜாக்கியோடு ஒரு இழுவைக் கொக்கி தந்திருப்பார்கள். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, மறை முடியும் வரை இறுக்கி மாட்டுங்கள். பம்பரிலோ ஸ்டியரிங் கம்பிகளிலோ கட்டாதீர்கள். கயிறு முதலில் விறைக்கட்டும், பிறகு நிதானமாக இழுக்கட்டும். சங்கிலியும் கம்பி வடமும் வெடுக்கென்ற இழுப்பைத் தாங்காது. அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள், அறுந்த முனையின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்கட்டும். இதெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி எடுத்த பிறகு. வெட்டாமல் இழுப்பது காரையும் வயலையும் சேர்த்து இழுப்பதுதான்.

ஆளில்லாத இடம். ஒரு மரமும் கயிறும் மட்டும் இருக்கின்றன, நாங்கள் இரண்டு பேர். வழி உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். மரத்தடியில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வண்டியில் விறைப்பாகக் கட்டுங்கள். இப்போது வண்டியின் திசையில் இழுக்காமல், கயிற்றின் நடுவில் இன்னொரு கயிறு போட்டுப் பக்கவாட்டில் இழுங்கள். 20 மீட்டர் கயிறு நடுவில் அரை மீட்டர் விலகும்போது, நீங்கள் கொடுக்கும் விசையைப் போல 10 மடங்கு கயிற்றில் ஏறும். 40 கிலோ விசை கொடுத்தால் வண்டிக்கு 400 கிலோ. ஆனால் வண்டி நகர்வது இரண்டரை சென்டிமீட்டர்தான்! நகர்ந்ததும் சக்கரத்துக்கு அணை வைத்து, கயிற்றை மறுபடி இறுக்கி, மறுபடி இழுக்க வேண்டும். நைலான் கயிறு நீண்டு கொடுத்து இந்த இரண்டரையையும் தின்றுவிடும். லாரியில் சுமை கட்டும் பட்டை, அந்த இழுப்பைத் தாங்கும் தரத்தில் இருந்தால், நல்லது.

மரமே இல்லையென்றால் ஸ்டெப்னியை ஆழமாகக் குழிவெட்டி நிறுத்திப் புதைத்து, அதில் கட்டலாம். அன்று இரவு முதுகு பேசும்.

ஆட்டோமேட்டிக் வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கலாமா?

நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்து நிறுத்திய பிறகே கியர் மாற்றி. அதற்கு மேல் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகிவிடும்.

சேற்றில் ஜாக்கி போட்டால் ஜாக்கியே இறங்குகிறது.

அடியில் அகலமான பலகை வையுங்கள். சக்கரம் எழும்பியதும் குழியைக் கல், கட்டை கொண்டு நிரப்பி, மேலே இறக்குங்கள். சேற்றில் கல் நிற்கும், தேரியில்தான் நிற்காது. வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது.

ஓடையைக் கடக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது; பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சேற்றிலிருந்து நல்லபடியாக எடுத்துவிட்டோம். ஆனால் 60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. எதுவும் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ரிம்மின் உட்புறம் அப்பிய சேறு காய்ந்து, சக்கரம் ஒரு பக்கம் கனத்திருக்கும். அலைன்மெண்ட் கடைக்குப் போகும் முன் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.