கையெழுத்து வாங்கச் சொல்கிறார்கள்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே 180 நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ள வாகன உதிரிபாக ஆலையில் மனிதவள மேலாளராக இருக்கிறேன். ஆர்டர் குறைந்துவிட்டதால் 32 பேரைக் குறைக்கப்போகிறார்கள். எல்லோரிடமும் ராஜினாமா கடிதம் வாங்கும் பொறுப்பு என்னுடையது. பட்டியலில் 19 ஆண்டு பணியாற்றியவரும், பேறுகால விடுப்பிலுள்ள பெண்ணும் இருக்கிறார்கள். எனக்குத் துளியும் உடன்பாடில்லை. வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆட்களைக் குறைக்கத்தான் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. ராஜினாமா என்ற பெயரில் குறைக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நிர்வாகத்தின் கணக்கு சரியாகவும் இருக்கலாம். ஓவர்டைமை நிறுத்தினால் எவ்வளவு மிஞ்சும், ஒரு ஷிப்டைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று தொகையோடு எழுதிக் கொடுங்கள்; அதன் பிறகும் மாறாவிட்டால் முடிவு அவர்களுடையது. இரண்டாவதில் நீங்கள் இறங்கிப்போக இடமே இல்லை.

அந்த 19 ஆண்டுக்காரரையே எடுத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டு அனுப்பினால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை மாதச் சம்பளம், அவருக்குச் சேர வேண்டும்; ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் அவருக்கு முன்னுரிமையும் உண்டு. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டுவிட்டால், கிராஜுவிட்டி, பி.எஃப். போன்றவற்றோடு சரி. (இத்தகைய தாள்களைப் பார்த்திருக்கிறேன்: அலுவலகத்திலேயே அச்சடித்து, பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் ஒரே சொந்தக் காரணம்!)

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, 100 தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் அந்த வரம்பு 300 ஆகிவிட்டது. அதை வைத்து, இனி எந்த நடைமுறையும் தேவையில்லை என்று யாரோ உங்கள் எம்.டி.யிடம் சொல்லியிருப்பார்கள் போலும். நோட்டீஸ், இழப்பீடு, அரசுக்குத் தகவல், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது என்ற வரிசை ஆகியவை அப்படியே இருக்கின்றன. வரிசை மாறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பேறுகால விடுப்பின்போது பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம் என்பதால், அந்தப் பெண்ணின் பெயரை நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

இவற்றை மின்னஞ்சலில், பண மொழியில் எழுதுங்கள். நெருக்கி வாங்கிய ராஜினாமா என்று தொழிலாளர் தரப்பு நிரூபித்தால், வெளியே இருந்த காலத்துச் சம்பளத்தோடு மீண்டும் வேலை தரும்படி உத்தரவாகக்கூடும் என்பது எம்.டி.க்கு உடனே விளங்கும்.

நீங்கள் இன்று விலகினால், கேள்வி கேட்காத ஒருவர் நாளை உங்கள் நாற்காலியில் அமர்ந்து அதே தாளை நீட்டுவார். ஆகவே, ‘ஆட்குறைப்புக் கடிதமென்றால் என் கையெழுத்தோடு கொடுக்கிறேன், ராஜினாமா என்றால் வாங்கமாட்டேன்’ என்று முதலில் சொல்லிப் பாருங்கள். அதற்காக உங்களையே அனுப்பவும் கூடும்; மேலாளர் என்பதால் மேற்சொன்ன பாதுகாப்பு உங்களுக்குக் கிடைப்பது கடினம். சில மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தொழிலாளர்களிடம், ‘எனக்கும் இதில் இஷ்டமில்லை, மேலே சொல்லிவிட்டார்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் பாரத்தை அவர்கள் தலையில் இறக்குவது. வர வேண்டிய தொகைகளைத் தமிழில், வரி வரியாக எழுதிய தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டட்டும். அன்றைக்கே எதிலும் கையெழுத்து கேட்க வேண்டாம்.