பள்ளியை மாற்ற வேண்டாம், அக்கா

அக்கா, போன சனிக்கிழமை குன்னூரில் என் மேசை மேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன அந்த ஆங்கில வழிப் பள்ளியின் விண்ணப்பத்தை இரண்டு நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கட்டணத்துக்கு உங்கள் வீட்டுக்கார அண்ணன் கேரட் விற்ற பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்றீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பாப்பா வளர்ப்புப் பராமரிப்பில் உங்கள் வீட்டுக்கு வந்து பத்து மாதம்தான். அதற்குள் அவளுக்கு எப்படியாவது ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு உங்கள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு "வேண்டாம்" என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இப்படிப் பெற்ற வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளைத் தத்தெடுக்காமல் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீங்களே சொன்னதால், உங்களை அடையாளம் காட்டக்கூடியதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவள் இந்த அரசுப் பள்ளியிலேயே இருக்கட்டும்.

அவளுடைய பள்ளிக்கூடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுக்குக் கீழே இருந்த தொடக்கப் பள்ளி. 2020 மார்ச்சில் எல்லாப் பள்ளிகளும் மூடியபோது அவள் இரண்டாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதற்குள் பதிவேட்டில் அவள் நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, பாதி நாள் ஆஸ்பத்திரியில். ஆறாம் வகுப்பு பாட்டி வீட்டிலிருந்து, மழைக்காலத்தில் யானைக்குப் பயந்து வாரக்கணக்கில் லீவு. ஏழாம் வகுப்பு குழந்தைகள் இல்லத்தில் தங்கி வேறு ஒரு அரசுப் பள்ளியில். இப்போது எட்டாம் வகுப்பு, உங்கள் ஊரில். இது நான்காவது பள்ளி. ஒவ்வொரு முறையும் புது டீச்சர், புது பெஞ்சு, "நீ யாரு, எங்கிருந்து வந்தே?" என்ற அதே கேள்வி. இந்தக் குழந்தைக்கு இன்னொரு புது யூனிஃபார்ம் எடுப்பதைப் போலப் பயமுறுத்தும் காரியம் வேறில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. இப்படிப் பிள்ளைகளின் படிப்புக்கு வழி சொல்லும் வேலைக்கு வந்த புதிதில், உறவினர் வீட்டில் வளர்ந்த ஒரு பையனுக்கு "இன்னும் நல்ல பள்ளி" என்று நானே ஒரு விடுதிப் பள்ளியைச் சொல்லி அனுப்பிவைத்தேன். ஊட்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு போர்டிங் ஸ்கூல்தான் ஞாபகம் வரும். மலையிலேயே இருக்கும் எனக்கும் அந்த மயக்கம் இருந்தது. மூன்றாவது வாரம் அவன் சுவர் ஏறிக் குதித்துப் பழைய வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டான். "இனிமே என்னைத் திரும்பக் கூப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்று அவன் அத்தையிடம் சொன்னானாம். நாங்கள் படிப்பு என்று நினைத்துச் செய்ததை அவன் கைவிடுதல் என்று எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் தவறு என்னுடையது. உங்கள் வீட்டில் அது நடக்க விட மாட்டேன்.

அப்புறம் பணத்தின் கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண் பிள்ளை உயர்கல்வியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அதற்கும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருப்பதுதான் அடிப்படை. பாப்பா ஆறும் ஏழும் அரசுப் பள்ளியில் முடித்திருக்கிறாள், எட்டிலும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது நீங்கள் தனியார் பள்ளிக்கு மாற்றினால், கையிலிருக்கும் இந்த உரிமையைக் கட்டணமும் கட்டித் தொலைப்பது போல ஆகிவிடும். இந்த வருடமே தேசிய வருவாய்வழி திறன் தேர்வும் எழுதலாம், எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அதை எழுதச் சொல்லுங்கள், ஆனால் வீட்டில் அதை ஒரு பெரிய விஷயமாக்க வேண்டாம். தேறாவிட்டால் உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.

"கணக்கு சுத்தமா வரல, மந்தம்னு மிஸ் சொல்றாங்க" என்றீர்கள். உங்களுடன் வந்த அன்று அவளிடம் நான் கொஞ்ச நேரம் பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? பாட்டி ஒரு நாளில் எத்தனை கிலோ இலை பறிப்பார், அரைக் கிலோ கழிவு போனால் எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். தாள் இல்லாமல் சொன்னாள். எடை போடும் இடத்தில் பாட்டிக்காகக் கணக்குப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அடுத்து ஒரு தாளில் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பின்னம் நடத்திய மாதங்களில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்திருக்கிறாள். பின்னம் தெரியாமல் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் எப்படி ஏறும்? இதற்குப் பெயர் மந்தம் அல்ல, அக்கா. மலைப்பாதையில் மண் சரிந்த இடம் இது. அந்த ஒரு இடத்தைச் சரி செய்தால் வண்டி தானாகப் போகும்.

அதனால் எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு டியூஷன் வைக்காதீர்கள். தெரியாததன் மேல் தெரியாததை அடுக்குவதுதான் அது. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்குங்கள், அட்டை போட்டு மூடிவிடுங்கள், எந்த வகுப்பு என்று உங்கள் வீட்டுத் தம்பி கண்ணில் படாமல் இருக்கட்டும். தினம் இருபது நிமிஷம் போதும். மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து அண்ணன் கொண்டுவரும் சீட்டுகளை அவள் கையில் கொடுங்கள்: மூட்டை எத்தனை, கழிவு எவ்வளவு, கமிஷன் எத்தனை சதவீதம், கடைசியில் கைக்கு எவ்வளவு. பின்னமும் சதவீதமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. வீட்டுக்கு உபயோகமான ஒரு வேலை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் அவளுக்கு வரும். பள்ளியிலும் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை விட்டுப்போனவர்களுக்காக 'திறன்' பயிற்சி உண்டு. அதில் அவள் பெயர் இருக்கிறதா என்று கிளாஸ் டீச்சரிடம் கேளுங்கள்.

டீச்சரிடம் பேசும்போது ஒன்று. அவளுடைய கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை, அது அவளுடையது. "குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி எங்களிடம் வளர்கிறாள், கையெழுத்து நாங்கள் போடுவோம், 'என் குடும்பம்' மாதிரி கட்டுரை கொடுத்தால் முன்கூட்டி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்பது போதும். அந்த மந்தம் என்ற சொல்லை அவள் காதுபட இனிச் சொல்ல வேண்டாம் என்றும் பணிவாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனிஷியல் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில்: மாற்றாதீர்கள். "உன் இனிஷியல் ஏன் உங்க வீட்டு இனிஷியல் மாதிரி இல்லை?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அவள் அழுதுகொண்டு வருகிறாள், உங்களுக்குத் தாங்கவில்லை, புரிகிறது. ஆனால் தத்தெடுப்பு வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. அவளுடைய பெற்றோர் பெயர் அவளுடையதாகவே இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி ஏறுகிறதோ அதுதான் கடைசி வரை கூட வரும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி., எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு) நான்கிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எமிஸில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பள்ளிகள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்பதையும் ஹெட்மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். நான் மேலே சொன்ன 7.5 சதவீதத்துக்கு அதுதான் சாட்சி. (வேறு யாராவது படித்தால் அவர்களுக்காக: டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்காமல் இருக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.)

எனக்கு அதிகக் கவலை சாதிச் சான்றிதழ்தான். பாட்டி குடும்பம் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பம் என்றீர்கள். பந்தலூர், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அப்படி வந்த குடும்பங்களில் பழைய காகிதம் கிடைக்காமல் அலைந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பலில் வந்தபோது கொடுத்த அந்தக் குடும்ப அட்டை பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். பாட்டி நடமாட்டமாக இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்தபின் ஓடினால், பதில் சொல்ல ஆள் இருப்பார்களா என்று யாருக்குத் தெரியும்?

பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் படிப்பதில்லை, அதைக் குறைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். குறைக்காதீர்கள். சனிக்கிழமை போய் வந்தால் ஞாயிறு முழுக்க அவளை விட்டுவிடுங்கள். பரீட்சை வாரத்தில் மட்டும் சந்திப்பு வேண்டாம். நலக் குழு முன் ஆஜராகும் தேதியும் பரீட்சை நாளில் விழாமல் பார்த்துக்கொள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ரேங்க் கார்டை ஒரு முறை பாட்டியிடமும் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வரும் மாதம் 4,000 ரூபாய் பதினெட்டு வயது வரைதான். அவள் பிறந்த மாதத்தை வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே பதினெட்டு முடிந்துவிடும். அதன் பிறகு தொடர் ஆதரவு என்று ஒன்று உண்டு, 21 வயது வரை. ஆனால் அது தானாக வீடு தேடி வராது. அவள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே கேட்க வேண்டும். அதை என் டைரியில் குறித்துக்கொண்டேன், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள். அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒரு நர்ஸ் அவளுக்குத் தினம் பன் வாங்கிக் கொடுத்தாராம். நல்ல ஆசை. பதினொன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவு எடுத்தால் அந்த வழி திறந்தே இருக்கும். ஊட்டியில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஒரு நாள் வாசல் வரை கூட்டிப்போய்க் காட்டலாம். இப்போதைக்கு இது போதும். பதின்மூன்று வயதில் மனசு பத்து முறை மாறும், மாறட்டும்.

பதினெட்டு ஆனபின் எங்கே போவேன் என்று அவள் உங்களிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள். நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து பேசி, காப்பாற்ற முடிகிற பதில் எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அவள் என் உதவியாளரிடம், பஸ் ஸ்டாப்பில் தினம் தனக்காக ஒரு தோழி காத்திருக்கிறாள், அவளுக்குப் பட்டாணி பிடிக்கும், அதனால் அண்ணன் தோட்டத்திலிருந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான்கு பள்ளியில் முதல் தோழி. அடுத்த சனிக்கிழமை வரும்போது மண்டிச் சீட்டுகளைக் கொண்டு வாருங்கள். விண்ணப்பம் என்னிடமே இருக்கட்டும்.