நானூறு பேர் சேர்ந்தும் ஆறு பேர்தான் பதிவு போடுகிறார்கள்!

கேள்வி: திருச்சியில் மாடித்தோட்டக்காரர்கள் நாட்டு விதை பரிமாறிக்கொள்ள ஒரு செயலி தொடங்கினோம். மூன்று மாதத்தில் 400 பேர் சேர்ந்தார்கள். பதிவு போடுவது என்னவோ ஆறே பேர். பாயிண்ட் கொடுத்து மாதாமாதம் பரிசு வைக்கலாமா?

பதில்: பரிசு இப்போது வேண்டாம். ஆறு பேர் என்பதற்காகப் பதறவும் வேண்டாம். நூறில் ஒருவர் எழுதுவார், ஒன்பது பேர் அவ்வப்போது தலைகாட்டுவார்கள், மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பது இணையக் குழு நடத்துபவர்களின் பழைய தோராயக் கணக்கு.

புதிதாகச் சேர்ந்தவராக ஒரு முறை செயலியைத் திறந்து பாருங்கள். 'கத்தரி விதை வேண்டும்' என்று யாரோ மூன்று வாரம் முன்பு கேட்டிருப்பார், பதிலே இருக்காது. ஈ ஓட்டும் கடைக்குள் யார் நுழைவார்கள்? பலரும் பதிவு போட்டு விவாதிக்கும் ரெட்டிட் என்ற இணையதளம் 2005-இல் தொடங்கியபோது அதன் நிறுவனர்களே பல பெயர்களில் பதிவு போட்டுப் பக்கத்தை நிரப்பினார்கள். பின்னாளில் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். உங்களுக்குப் பொய்ப் பெயர் ஆகாது, விதை கொடுப்பவர் நிஜ ஆளாக இருக்க வேண்டும். அந்த ஆறு பேரும் முறைவைத்து, எந்தக் கேள்விக்கும் அன்றைக்கே பதில் போடட்டும்.

அடுத்தது, பரப்பைச் சுருக்குங்கள். ஃபேஸ்புக் 2004-இல் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும்தான் திறந்தது. பிறகுதான் ஒவ்வொரு கல்லூரியாகப் போனது. நீங்கள் ஸ்ரீரங்கத்தை மட்டும் பிடியுங்கள். நடந்துபோய்ப் பொட்டலம் வாங்கும் தூரம் என்றால் கூரியர் செலவும் இல்லை, தயக்கமும் இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர் இது. ஆனியிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

பாயிண்ட்டுக்கு நான் எதிரி இல்லை. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 15 புள்ளி சேர்ந்தால் நல்ல பதிலுக்கு வாக்களிக்கலாம், 50-இல் பிறர் பதிவில் கருத்து எழுதலாம், 2,000 வந்தால் பிறர் எழுதியதையே நேரடியாகத் திருத்தலாம். அங்கே புள்ளி வாங்கித் தருவது பொறுப்பை. மிக்ஸி பரிசு என்று அறிவித்துப் பாருங்கள், எங்கிருந்தோ சுட்ட தக்காளிப் படமாக வந்து குவியும்!

இந்த வாரமே ஒன்று செய்யலாம். விதை வாங்கியவரிடம் பத்தாம் நாள் 'முளைத்ததா?' என்று செயலி கேட்கட்டும். அவர் எடுக்கும் படம் நேராக விதை கொடுத்தவரின் போனுக்குப் போகட்டும். இரண்டு இலை விட்ட தன் கத்தரியைப் பார்த்தவர் அடுத்த பொட்டலத்தைத் தானே மடிப்பார்.